மணிக்கட்டில் ஒரு மின்சாரப் புள்ளி

தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்குத் துணையாக இருக்க மலேசியாவில் ஜோகூருக்குப் போனேன். பத்து நாள் விடுப்பு. இருபத்திரண்டு வருடமாகத் திருநெல்வேலியில் நர்சிங்ஹோம் நர்சிங்ஹோமாக ஓடி மயக்க மருந்து கொடுக்கும் எனக்குச் சேர்ந்தாற்போல் பத்து நாள் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அதைக் கழிக்க அங்கே தங்கை இருக்கும் ஸ்கூடாயைத் தேர்ந்தெடுத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஸ்கூடாயை ஊர் என்கிறார்கள். நான் பார்த்த வரையில் அது ஒரு பெரிய கார் நிறுத்துமிடம். வீட்டுக்கு முன்னால் கார், கடைக்கு முன்னால் கார், கோயிலுக்கு முன்னால் இரண்டு வரிசைக் கார். பல்கலைக்கழகப் பிள்ளைகள்கூடச் சாலையைக் கடந்து சாப்பிடப் போகக் காரில்தான் போகிறார்கள். முதல் நாள் காலையில் பல் துலக்கும் பிரஷ் வாங்க நான் நடந்து போனேன். ஒரு மலாய்ப் பெண்மணி காரை ஓரங்கட்டிக் கண்ணாடியை இறக்கி என்னவோ விசாரித்தார். "வழி தவறிட்டீங்களா, உதவி வேணுமா"ன்னு கேட்டிருப்பாங்க என்று பிறகு தங்கை சொன்னாள். அந்த ஊரில் நடப்பது ஒரு நோய்க்குறி.

தங்கை சுகந்திக்கு முப்பத்தேழு வயது. அவள் கணவர் தினகரன் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். விடியும் முன் கிளம்பிப் பாலத்தைக் கடக்கிறார், இருட்டிய பின் அதே பாலத்தில் சிக்கிக்கொண்டு திரும்புகிறார். அவருடைய அம்மா பாக்கியம் அத்தைதான் வீட்டை நடத்துகிறவர். ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது ரிமோட்டில் திறக்கும் கேட் வைத்த வரிசை வீட்டில் இருக்கிறார். அந்த ரிமோட்டைத் தாலிக்கயிறு போலக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறார்.

"டாக்டரம்மா, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டு ரொட்டி சானாய் வாங்கி வந்தார். நம் பரோட்டாவை யாரோ இஸ்திரி போட்டு மடித்த மாதிரி இருந்தது. தொட்டுக்கொள்ள ஒரு பருப்புக் குழம்பு. சால்னா எங்கே என்று கேட்டேன். அத்தைக்குச் சொல்லே புரியவில்லை. தேநீரில் போட்டிருந்த சர்க்கரைக்கு என் பல்லெல்லாம் கூசியது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சுகந்திக்குச் சிசேரியன் என்று முன்பே முடிவாகியிருந்தது. அதற்கு முன் மயக்க மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று வரச் சொல்லியிருந்தார்கள். நம் ஊரில் இப்படி ஒரு சந்திப்பே கிடையாது. கர்ப்பிணியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார்கள், "முதுகை வளைம்மா" என்பேன், நான்கு நிமிடத்தில் ஊசி உள்ளே போயிருக்கும். இங்கே ஏசி அறை, சோபா, மீன்தொட்டி. மீன்களுக்குக்கூட யாரோ நிதானமாக எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியிருப்பார்கள் போலிருந்தது, அவ்வளவு அமைதி.

மருத்துவரின் பெயர் தாரிணி. முப்பத்தைந்து வயதிருக்கும். கொள்ளுத்தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவராம். ஆங்கிலத்துக்கு நடுவில், ஆமாம் என்பதற்கு "ஓம்" என்று ஒரு யாழ்ப்பாணத் தமிழ் வந்துபோனது. நானும் அதே தொழில்தான் என்று சுகந்தி சொன்னதும், "அப்படியென்றால் எனக்குப் பயமாயிருக்கு" என்று சிரித்தார். இருக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது இது. முதுகில் ஊசி போட்டதும் பல பெண்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், குமட்டும், வாந்தி வரும். அதைத் தடுக்க வழக்கமான மருந்துகள் உண்டு. அவற்றோடு கூடவே, மணிக்கட்டின் உள்பக்கம் மூன்று விரற்கடை மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே இருக்கும் அக்குபங்சர் புள்ளியில் ஊசி இல்லாமல், ஒட்டும் பட்டை வழியாக லேசான மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஊசிக்கு அரைமணி நேரம் முன்பே தொடங்கிவிடுவார்கள். விருப்பமிருந்தால் சுகந்திக்கும் செய்யலாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே ரத்தக் குழாயெல்லாம் விரிந்து, இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் காலில் தேங்கி நிற்கும்போது, கையில் கிச்சுகிச்சு மூட்டினால் மேலே ஏறிவிடுமாக்கும். குமட்டலுக்கு அந்தப் புள்ளி ஓரளவு உதவும் என்பதை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். பிரஷருக்கு என்றால், அதை மீன்தொட்டியிடம்தான் சொல்ல வேண்டும்.

நான் வாயைத் திறக்கும் முன் தாரிணி சுகந்தியிடம் கேட்டார்: "போன தடவை எப்படி இருந்தது?"

எங்களிடம் ஏழு வருடமாக "நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவந்தவள், முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் கொட்டினாள். "ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல காது அடைச்சுக்கிச்சு டாக்டர். எல்லார் குரலும் கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி. வாந்தி வந்துச்சு, மூஞ்சியத் திருப்பக்கூட முடியல. செத்துட்டேன்னே நெனச்சேன். பிள்ள அழுதப்ப, யாரோட பிள்ளையோ அழுவுதுன்னு நெனச்சேன்."

"மயக்கம் கொடுத்தவரிடம் சொன்னீர்களா?"

"சொன்னேன். 'ஒண்ணும் இல்ல, சும்மா படு'ன்னாங்க."

"யார் அவர்?"

சுகந்தி தரையைப் பார்த்தாள். 

"நான்தான்," என்றேன்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளுக்கு அக்காவை விட்டால் வேறு யார் மருந்து கொடுப்பார்கள்? பிரஷர் எழுபதுக்கு இறங்கியது உண்மை. ஒன்றரை நிமிடத்தில் ஏற்றிவிட்டேன். என் குறிப்பில் அது ஒற்றை வரி. அந்த வரியைப் பற்றி எனக்குப் பெருமைகூட இருந்தது.

தாரிணி ஒப்புதல் படிவத்தை நீட்டினார். சுகந்தி படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். "இந்தக் கரண்டு வச்சா அப்படி வராதுல்ல டாக்டர்?" என்று கேட்டாள். "வராதுன்னு சொல்ல மாட்டேன். குறையலாம்," என்றார் அவர். சுகந்தியின் காதில் விழுந்தது முதல் பாதி இல்லை, கடைசிச் சொல்தான். வரும்போது படியேறியவள் வேறு, போகும்போது இறங்கியவள் வேறு. அவ்வளவு லேசாக இறங்கினாள்.

எனக்கு எரிச்சல்தான் அதிகமாயிற்று.

மூன்றாம் நாள் பாக்கியம் அத்தை பொந்தியானுக்குக் கிளம்பினார். அங்கே அவருடைய முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்கும் சின்சே ஒருவர், சீன வைத்தியர், இருக்கிறாராம். மருமகளுக்குப் போடப்போகிற புள்ளி சரியானதுதானா என்று அவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டுமாம். புரளியைப் புரளியாலேயே சோதிக்கப் போகிற அழகைப் பார்க்க நானும் ஏறிக்கொண்டேன். காரை ஓட்டியவர் அத்தைதான். வயது அறுபத்து மூன்று. ஹாரனைத் தொடவில்லை, பிரேக்கையும் அதிகம் தொடவில்லை.

வழியெல்லாம் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை. பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போகிற ஒரே பச்சை. பிறகு அன்னாசித் தோட்டங்கள். சரியாக அங்கேதான் டயர் வெடித்தது. நான் உதவிக்கு யாரையாவது கூப்பிட போனை எடுத்தேன். அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜாக்கியை எடுத்தார். என் கையில் ஒரு குடையைக் கொடுத்து, "வெயில் என் தலையில படாம பிடிங்க, அது போதும்" என்றார்.

மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரர் நிறுத்தி, இறங்கி, கழன்று வராத ஒரு நட்டைக் கழற்றிக் கொடுத்தார். அத்தையிடம் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். அத்தை பதில் சொன்னதும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்ன கேட்டார்?"

"மகளான்னு கேட்டாரு. இல்ல, இந்தியாவுலேர்ந்து வந்த பெரிய டாக்டர், குடை பிடிக்கிறதுல ஸ்பெஷலிஸ்ட்டுன்னேன் லா." அந்த ஊரில் பேச்சுக்குப் பேச்சு ஒரு "லா" ஒட்டிக்கொள்கிறது.

பொந்தியானில் கடல் என்று காட்டினார்கள். தண்ணீர் எங்கோ தூரத்தில் இருந்தது, நடுவில் முழுக்கச் சேறு. கறுப்புச் சாற்றில் பிசைந்த நூடுல்ஸ் சாப்பிட்டோம். மண்ணெண்ணெய் விளக்கில் கருகிய திரி மாதிரி இருந்தது பார்க்க. தட்டைக் காலி செய்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சின்சே கடையில் உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஒரு பிளாஸ்டிக் பொம்மை நின்றது. சின்சேவுக்கு எழுபது வயது இருக்கும், பனியனும் அரைக்கால் சட்டையும். என் மணிக்கட்டைப் பிடித்து, என் விரல்களையே வைத்து அளந்து, ஒரு இடத்தில் அழுத்தினார். உள்ளங்கை வரை விண்ணென்றது. அத்தை மலாயில் கேட்க, அவர் மலாயில் சொல்ல, அத்தை எனக்குத் தமிழில் சொன்னார்.

"இதுதான் புள்ளியாம். வயித்தப் பொரட்டுறதுக்கு நல்லதாம். நெஞ்சு படபடப்புக்கு, பயத்துக்கு நல்லதாம்."

"ரத்த அழுத்தம் இறங்குவதற்கு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து எல்லாரையும் பார்த்துவந்த அதே பார்வை இருந்தது.

"ரத்தம் எறங்குனா ஆஸ்பத்திரிக்குப் போவணும், எங்கிட்ட எதுக்கு வர்றீங்கன்னு கேக்குறாரு," என்றார் அத்தை.

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. திரும்பும் வழியெல்லாம் செம்பனைகூட அழகாகத் தெரிந்தது. மாலையில் சாப்பிட உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதை அவிழ்த்துவிட்டேன். "சுகந்தி, உங்க சீன வைத்தியரே நம்பல. அவருக்கே இல்லாத நம்பிக்கை ஒரு எம்.டி. படிச்சவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சோ. வெறும் ஸ்டிக்கர் பொட்டுடி அது."

சுகந்தி கையைக் கழுவிவிட்டு வந்து நின்றாள். சோறு அப்படியே இருந்தது.

"அப்ப எனக்கு முதுகுல ஊசி வேணாம். முழுசா மயக்கிடச் சொல்றேன்."

"என்னடி பேசுற? உனக்கு இளைப்பு இருக்கு. கழுத்து குட்டை. இந்த மாசத்துல தொண்டையெல்லாம் வீங்கியிருக்கும். மூச்சுக்குக் குழாய் எறக்குறது கஷ்டம். முழு மயக்கம் உனக்கு ஆபத்து."

"பரவால்ல. செத்தாலும் தெரியாதுல்ல."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்த தினகரன் என்னைப் பார்க்காமல், "கொஞ்சம் பாத்துப் பேசியிருக்கலாம் அக்கா" என்றார். அவ்வளவுதான். அத்தை சுகந்தியின் தட்டை எடுத்து மூடி வைத்தார். டயர் வெடித்தபோது அவர் முகத்தில் இருந்த தெம்பு அப்போது இல்லை.

நான்காம் நாள் காலையில் அவளே ஆஸ்பத்திரிக்கு போன் செய்து முழு மயக்கம் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். உடனே நேரில் வரச் சொன்னார்கள். தினகரன் வேலைக்குப் போயிருந்தார். அத்தை பேத்தியைப் பள்ளியில் விடப் போயிருந்தார். வாடகைக் கார் ஒன்றைச் செயலியில் அழைத்தோம். ஓட்டுநர் ஒரு மலாய் இளைஞர். தமிழ் தெரியாது. இருநூறு அடி போனதும் ஸ்கூடாய் சாலை வழக்கப்படி உறைந்துவிட்டது. மூன்று தடங்களிலும் அசைவில்லை.

"சுகி," என்றேன், "போன தடவை எனக்குத் தெரியும். பிரஷர் எறங்குனது தெரியும். ஏறிடும்னும் தெரியும். அதான் சும்மா படுன்னேன்."

"உனக்குத் தெரியும். எனக்கு யார் சொன்னா?" அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். "நீ என் மூஞ்சிய ஒரு தடவகூடப் பாக்கல அக்கா. அந்த டிவியத்தான் பாத்துக்கிட்டிருந்தே. அக்கா இருக்காளேன்னு நம்பித்தான் அவ்வளவு தூரம் வந்தேன். செத்துக்கிட்டிருக்கேன், எங்க அக்கா டிவி பாக்குறா."

மானிட்டரை அவள் டிவி என்றாள். நான் திருத்தவில்லை. மருந்து ஏறுகிறதா என்பதை அதில்தான் பார்க்க முடியும், முகத்தில் பார்க்க முடியாது என்று சொல்ல ஒரு பதில் தயாராக இருந்தது. சரியான பதில். ஆனால் ஊசிக்கு முன் "கொஞ்ச நேரம் தலை சுற்றும், வாந்தி வரும், ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும்" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அன்று எனக்கு அடுத்த நர்சிங்ஹோமில் ஒரு கேஸ் காத்திருந்தது. அந்தக் கேஸ் யார், எதற்கு என்றுகூட இப்போது நினைவில்லை.

"தப்புதான் சுகி," என்றேன். "என் மேலதான் தப்பு. உங்கிட்ட மட்டும் இல்ல, யார்கிட்டயும் சொல்றதில்ல நான்."

அவள் அழ ஆரம்பித்தாள். நானும்தான். கண்ணாடியில் எங்களைப் பார்த்த ஓட்டுநர் "அலமாக்!" என்று மலாயில் ஐயோ போட்டு அலறினார். நிறைமாதக்காரியும் பக்கத்தில் ஒருத்தியும் சேர்ந்து அழுதால் அவர் வேறு என்ன நினைப்பார்? விளக்குகளைச் சிமிட்டவிட்டு, அவசரத் தடத்தில் காரை ஏற்றி, ஹாரனை அழுத்தியபடி பறந்தார். இல்லை, வலி எடுக்கவில்லை என்று சுகந்தி மலாயில் சொல்லச் சொல்ல, "பொறுத்துக்கோங்க அக்கா, பொறுத்துக்கோங்க" என்று அவர் எங்களுக்குத் தைரியம் சொன்னாராம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி அவரே ஓடிப்போய்ச் சக்கர நாற்காலி கொண்டுவந்தார். மறுக்க மனமில்லாமல் சுகந்தி அதில் உட்கார்ந்தாள். அந்த ஊர்ச் சாலையை யாரும் உருப்படியாகப் பயன்படுத்தி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

தாரிணி முழு மயக்கத்தின் ஆபத்துகளைச் சொல்லி, முதுகு ஊசியில் என்னென்ன தோன்றும் என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார். காது அடைக்கும், கை கனக்கும், மூச்சு வராதது போலத் தோன்றும், ஆனால் வரும். "அழுத்தம் இறங்காமல் இருக்க மருந்து முதல் நிமிடத்திலிருந்தே ஓடும். மணிக்கட்டுப் பட்டை அதற்கு மேலதிகம். அது மட்டும் தாங்கும் என்று நான் எப்போதும் சொல்லவில்லை. வேண்டாமென்றால் விட்டுவிடலாம்."

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், "வச்சுக்கோ. கெடுதல் இல்ல. நான் உள்ள வந்து பக்கத்துல உக்காந்துக்கிறேன்." ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழும் தினகரன் அரங்குக்குள் துணையாக இருக்கும் தன் இடத்தை எனக்கு விட்டுக்கொடுக்க ஒரு நொடிகூட யோசிக்க மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மறுநாள் காலை அறுவை அரங்கு. என்னை டாக்டராக இல்லை, உறவினராக மட்டும் விட்டார்கள். நீலத் தொப்பி மாட்டி ஒரு முக்காலியைக் கொடுத்து, மானிட்டருக்கு என் முதுகு இருக்கும்படி உட்கார வைத்தார் தாரிணி. வேண்டுமென்றேதான் செய்தார். எனக்குக் கழுத்தெல்லாம் அரித்தது. இருபத்திரண்டு வருடத்தில் திரையைப் பார்க்காமல் அந்த அறையில் இருந்ததே இல்லை.

சுகந்தியின் இரண்டு மணிக்கட்டிலும் பட்டை ஒட்டியிருந்தார்கள். சின்னப் பெட்டி ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு," என்றாள். ஊசி போட்டு, இடது பக்கம் சற்றுச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். அவள் முகம் என் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

மூன்று நிமிடம் இருக்கும். அவள் கொட்டாவி விட்டாள். பிறகு இன்னொன்று. உதட்டின் நிறம் லேசாக வெளுத்தது. பிரஷர் இறங்கும்போது முதலில் வருவது அந்தக் கொட்டாவிதான் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். எத்தனை பேர் என் முன்னால் அப்படிக் கொட்டாவி விட்டார்களோ, நான் பார்த்ததில்லை.

"தாரிணி," என்றேன்.

"ஓம், பார்த்துட்டேன். மருந்தைக் கூட்டியாச்சு."

"அக்கா, எறங்குதா?" சுகந்தியின் குரல் நைந்திருந்தது.

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. "எறங்குது," என்றேன். "மருந்து போய்க்கிட்டிருக்கு. இப்ப காது அடைக்கும். அடைக்குதா?"

"லேசா."

"இன்னும் கொஞ்ச நேரம். என்னையே பாரு."

அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். என் வாழ்க்கையிலேயே நீளமான ஒரு நிமிடம் அது. எண் என்னவென்று தெரியாமல் ஒருவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பயங்கரமானது என்று நோயாளியின் உறவினர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு உதட்டில் நிறம் திரும்பியது. "காது தொறந்துக்கிச்சு," என்றாள். வாந்தி வரவில்லை.

வயிற்றை மறைத்துக் கட்டியிருந்த துணிக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது. "என் பிள்ளைதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பெண்.

வெளியே வந்ததும் தாரிணியிடம் கேட்டேன்: அந்தப் பெட்டியால் ஏதாவது ஆனதா? "மருந்தும் ஓடியது, பட்டையும் ஓடியது, நீங்களும் இருந்தீங்கள். எதனால் எவ்வளவு என்று ஒருத்தியை வைத்து நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. மணிக்கட்டில் மின்சாரம் கொடுத்துப் பிரஷரைப் பிடித்து நிறுத்தலாம் என்பதை நான் இப்போதும் நம்பவில்லை. நம்ப வைக்கும்படி அங்கே எதையும் பார்க்கவும் இல்லை.

மாலையில் வார்டில் அத்தை ரசத்தோடு வந்திருந்தார். சுகந்தி குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு தெளிவாக இருந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். என்னைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். அதை மறைப்பானேன்.

"பயமாத்தான் இருந்துச்சு அக்கா. ஆனா போன தடவ மாதிரி தனியா இல்ல," என்றாள். "அந்த மிஷின் கையில கடைசி வரைக்கும் ஓடிக்கிட்டே இருந்துச்சுல்ல? அதான் நான் இன்னும் இருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

"நான் சொன்னேன்ல லா, நல்ல மிஷினு," என்றார் அத்தை.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. தண்டுவடம், ரத்தக் குழாய், சொட்டு மருந்தின் பெயர், அது ஓடிய வேகம். எல்லாம் தொண்டை வரை வந்தது. ரசத்தை ஊற்றிக் குடித்தேன். உப்பு சரியாக இருந்தது.